கூவத்தைத் தூர் வாரிய கோடை

நம் வயதுக்காரர்களிடம் கூவம் என்று சொன்னால் முதலில் கை மூக்குக்குப் போகும். பேச்சு அப்புறம்தான் வரும். குற்றமில்லை. பஸ் பாலத்தில் ஏறும்போதே கர்சீப்பை எடுத்தவர்கள்தானே நாமெல்லாம். ஆனால் நான் அந்த ஆற்றின் கரையிலேயே பிறந்தவள். குழம்பு கொதிக்கும் வாசனையும் ஆற்றின் வாடையும் எங்கள் வீட்டுக்குள் சேர்ந்தே குடியிருந்தன. பட்டணத்துக்குள் இருக்கிற அளவுக்கு எங்கள் பக்கம் நாறாது என்பார்கள். எங்கள் மூக்குக்கு அதுவே தாராளம்.

அந்த ஆற்றைச் சுத்தம் செய்ய அரசாங்கம் வந்த ஒரு கோடை விடுமுறையைப் பற்றிச் சொல்கிறேன். எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பத்துப் பதினோரு வயது.

எங்கள் தெரு ஆற்றின் தென்கரையில், திருவேற்காட்டுக்கும் வானகரத்துக்கும் நடுவில் இருந்தது. தாத்தா காலத்தில் தெருவே பிறத்தியார் வயலில் கூலிக்கு நடவு நட்டது. அப்பா காலத்தில் வயல்கள் மனைகளாகி, ஆண்களெல்லாம் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். ஆற்றைத் தாண்டினால் அயனம்பாக்கம், அதையும் தாண்டினால் எஸ்டேட். நடுவில் ஒரு தரைப்பாலம். சிமென்ட் குழாய்களைப் படுக்க வைத்து மேலே தளம் போட்டது; கைப்பிடிச் சுவர் கிடையாது. மழை பலத்தால் தண்ணீர் அதன் மேலேயே ஓடும். காலையில் அதன்மேல் போகும் சைக்கிள் மணிச் சத்தத்தில்தான் நாங்கள் எழுந்திருப்போம்.

சாக்கடையானாலும் அது சாமி ஆறு. ஒரு காலத்தில் ஆடி மாதக் கரகம் அந்தப் படித்துறையில்தான் ஜோடித்துப் புறப்படுமாம். எனக்கு நினைவு தெரிந்த நாளில் பூசாரி அடிபம்புத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து, படித்துறையில் சற்று நேரம் வைத்து எடுத்து, ஆற்றுத் தண்ணீர் என்று பேர் பண்ணிவிடுவார். கரையோரம் நடக்கும் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதே கையால் மூக்கையும் பொத்திக்கொள்வார்கள்.

இனி அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் இருந்துகொண்டு பூக்கட்டி விற்றாள். அவள் புருஷன், என் மாமா, எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் டர்னர். லேத்தில் இரும்பைக் கடைகிற வேலை. அவர் சட்டையில் எப்போதும் எண்ணெய் வாடையும், பாக்கெட்டில் சுருள் சுருளான பித்தளைச் சீவலும் இருக்கும். பிள்ளை இல்லை. அதனால் என்னைத் தூக்கிக்கொண்டு அலைவார். தன் சைக்கிளின் முன் பாரில் எனக்கென்று ஒரு குட்டி சீட்டைத் தானே செய்து பற்றவைத்திருந்தார். சிவப்பு ரெக்சின் உறை. கால் வைத்துக்கொள்ள இரண்டு பக்கமும் வளைந்த கம்பி. அதில் உட்கார்ந்து பூந்தமல்லி வரை போயிருக்கிறேன். என் தலைக்கு மேலே அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே வரும்.

எனக்கு ஆறு வயதிருக்கும்போது, ஒரு மழைக்காலத்தில், இரண்டாம் ஷிப்டுக்குப் போன மாமா வீடு திரும்பவில்லை. அன்றைக்கு ஆறு தரைப்பாலத்தின் மேலே ஓடியது. அந்த வெள்ளத்தில் எவனும் பாலத்தில் இறங்கமாட்டான், சுற்றிக்கொண்டு ரோட்டு வழியாகத்தான் வருவான் என்று எல்லாரும் நினைத்தார்கள். இரண்டு மூன்று நாள் தேடினார்கள். அப்புறம் தெருமுனை சோடாக்கடைக்காரர், கரையான்சாவடியில் கையில் பையோடு அவர் பஸ் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார். அவ்வளவுதான். கரையான்சாவடியில் தையல் கடை வைத்திருந்த ஒரு பெண்ணிடம் மாமா அடிக்கடி நின்று பேசுவார் என்று வேறு ஒருவர் எடுத்துக்கொடுத்தார். சைக்கிளை விற்றுக் காசாக்கியிருப்பான் என்று இன்னொருவர் சொல்ல, மாலைக்குள் கதை முழுதாகிவிட்டது.

அப்பா நேராகக் கரையான்சாவடிக்குப் போய், அந்தத் தையற்காரியை நடுரோட்டில் நிற்கவைத்துக் கத்திவிட்டு வந்தார். அவளோ கடையில்தான் இருந்தாள், எங்கும் ஓடிப்போகவில்லை. அதையும் அப்பா விடவில்லை. "அவன் எங்கியோ ஊடு பாத்து வெச்சிகிறான். கொஞ்ச நாள் போனா இவளும் போயிடுவா, பாரு" என்றார். சுவரில் இருந்த மாமாவின் படத்தைக் கழற்றிப் பரண்மேல் போட்டார். வீட்டில் அவர் பேரை எடுக்கக் கூடாது என்று சட்டம்.

அப்போதெல்லாம் அத்தை அழுது நான் பார்த்ததில்லை. பொட்டு வைத்தாள், மஞ்சள் பூசினாள், பூக் கட்டினாள். குழாயடியில் பெண்கள் ஜாடையாகப் பேசினால் குடம் நிரம்பும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர் ஓடிப்போனதை அவள் நம்பினாளா, இல்லையா? அப்போது கேட்கத் தோன்றவில்லை. பிற்பாடு கேட்டேன். "காலைல நம்புவேன், ராவுல நம்ப மாட்டேன்" என்றாள்.

அதற்கு நாலைந்து வருஷம் கழித்துத்தான் அரசாங்க ஜீப் வந்தது.

முதலில் ஒரு தகரப் பலகை நட்டார்கள். கூவம் நதியைத் தூய்மைப்படுத்தும் பணி என்று நீல எழுத்தில் எழுதியிருந்தது. நாங்கள் அதை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தோம். 'நதி' என்கிற வார்த்தையை எங்கள் ஆற்றுக்கு யாராவது போட்டு அதுவரை பார்த்ததில்லை. பிறகு, லாரி டியூபில் காற்றடித்து அதன்மேல் குந்திக்கொண்டு, கொக்கிக் கம்பால் ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போடும் ஆட்கள் வந்தார்கள். செடி மலைமலையாகக் குவிந்து வெயிலில் அழுகியது. அந்த ஒரு வாரம் வந்த நாற்றத்துக்கு முன்னால் பழைய நாற்றம் சந்தனம்.

கடைசியாக அந்த மஞ்சள் இயந்திரம் வந்தது. நீண்ட கை, அதன் நுனியில் பல் வைத்த இரும்பு வாளி. நாங்கள் யானை மிஷின் என்று பேர் வைத்தோம். அதை ஓட்டியவர் சேலத்துப் பக்கத்து ஆள், எந்நேரமும் வெற்றிலை. சேற்றை வாரிக் கரையில் கொட்டுவதற்கு முன் எங்களைப் பார்த்து ஒரு விசில் அடிப்பார். நாங்கள் விலகி ஓடுவோம். கொட்டியதும் திரும்பி ஓடிவருவோம்.

ஆற்றுக்குள் அவ்வளவு இருந்தது என்று யாருக்குத் தெரியும்! டயர்கள், நசுங்கிய அலுமினியக் குண்டான், பாதி அம்மிக்கல், கண்ணாடி போன சாமிப் படச் சட்டங்கள், ஒரு ரேடியோப் பெட்டி. இரண்டு பெண்கள் ஒரே பித்தளைச் சொம்பைத் தங்கள் வீட்டுச் சொம்பு என்று பிடித்து இழுத்துச் சண்டை போட்டார்கள். அப்பா வேலை முடிந்து வந்ததும் கைலியைக் கட்டிக்கொண்டு கரைக்கு வந்துவிடுவார். "பாருங்க, இன்னும் ஒரு வருசத்துல இதுல போட் உடுவான்" என்று எல்லாரிடமும் சொல்வார். அவர் அதை முழுசாக நம்பினார். வாரிய இடத்தில் சில நாட்கள் தண்ணீர் தேநீர் நிறத்துக்குத் தெளிந்தது உண்மை. அதில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்ததும் உண்மை.

ஒரு நாள் காலை இயந்திரம் தரைப்பாலத்தை நெருங்கியது. வாளியில் கறுப்புச் சேற்றோடு சைக்கிள் சக்கரம் ஒன்று தொங்கியது. கொட்டியதும் முழு சைக்கிளும் விழுந்தது. சைக்கிள் கிடைப்பது புதிதில்லை. ஆனால் இதன் முன் பாரில் சேறு உருண்டையாக அப்பியிருந்தது. நான் ஒரு குச்சியால் தள்ளினேன். வளைந்த கம்பி தெரிந்தது. இன்னும் தள்ளினேன். கிழிந்த ரெக்சின், அடியில் இன்னும் சிவப்பு.

இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. எனக்கு அப்போது வந்தது சந்தோஷம். தொலைந்துபோன என் சீட்டு கிடைத்துவிட்டது! தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டு ஓடினேன். "அத்தே! மாமா சைக்கிள் கெடச்சிச்சு! மாமா சைக்கிள் கெடச்சிச்சு!"

அம்மா வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் ஏன் அப்படி உட்கார்ந்தாள் என்று எனக்குப் புரியவில்லை. அத்தை கட்டிக்கொண்டிருந்த பூக்கண்ணியை முடிச்சுப் போட்டாள். நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். பூக்கூடையின் மேல் ஈரத்துணியைப் போட்டு மூடிவிட்டு எழுந்தாள். அந்த வெயிலில் செருப்பில்லாமல் நடந்தாள்.

அன்று அப்பாவுக்கு வார லீவு. அவரும் கரைக்கு வந்துவிட்டார். அத்தை குந்தி உட்கார்ந்து முந்தானையால் அந்தச் சின்ன சீட்டைத் துடைத்தாள். பிறகு பின்சக்கரத்துப் பூட்டைத் தடவிப் பார்த்தாள்.

"பூட்டு தொறந்துதான் கீது" என்றாள். "சாவி அதுலயே கீது. ஏறிகினு வந்துகிறாரு."

அப்பா, "இல்லம்மா, சைக்கிள இங்க தள்ளி உட்டுட்டுப் போயிருப்பான். அப்பதான யாரும் தேட மாட்டாங்க" என்றார். அந்த நிமிஷத்திலும் அவர் அப்படித்தான் சொன்னார். பொல்லாதவர் இல்லை அவர். நாலைந்து வருஷம் ஒன்றையே நம்பியவருக்கு அதைச் சட்டென்று கீழே போடத் தெரியவில்லை.

அத்தை எழுந்தாள். ஜீப் பக்கத்தில் நின்ற எஞ்சினீயரிடம் போனாள். மெலிந்த மனிதர், தொப்பி வைத்திருப்பார்.

"சார், அந்தப் பாலத்துக்கு அடியில வாரச் சொல்லுங்க."

"அம்மா, தரைப்பாலம் எங்க வேலையில வராது. அது வேற டிபார்ட்மென்ட். பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்திட்டு, அந்தப் பக்கம் போய் ஆரம்பிக்கணும். அப்படித்தான் உத்தரவு."

"அடைச்சிகினு கீறதே அந்தப் பாலத்துக் கீழதான். அத்த உட்டுட்டு இன்னா சுத்தம் பண்றீங்க? ஆத்த சுத்தம் பண்ண வந்தீங்களா, ஆத்துக்குப் பொட்டு வெச்சிட்டுப் போவ வந்தீங்களா?"

எஞ்சினீயர் அவளைப் பார்த்தார், பிறகு அந்தச் சைக்கிளைப் பார்த்தார். யாரோ அவர் காதில் விஷயத்தைச் சொன்னார்கள். தொப்பியைக் கழற்றி, கையில் வைத்துத் திருப்பினார்.

"சாப்பாட்டு நேரம்" என்றார் மிஷின்காரரிடம். "சாப்பாட்டு நேரத்துல நீ என்ன பண்றேன்னு நான் பாக்கமாட்டேன்."

ஜீப்பில் ஏறி, ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். மிஷின்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, கட்டிவைத்திருந்த சோற்றைப் பிரிக்காமலேயே மேலே ஏறினார். அன்று அவர் விசில் அடிக்கவில்லை. இரும்பு வாளியை அவ்வளவு மெதுவாக இறக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

எங்களையெல்லாம் பள்ளிக்கூட வராந்தாவுக்கு விரட்டிவிட்டார்கள். பிறகு நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும். குழாய்களில் ஒன்று பாதி உடைந்திருந்தது. அதன் வாயில், அடைத்துக்கொண்டிருந்த குப்பையின் நடுவில் அவர் இருந்தார். எலும்புதான். பெல்ட்டின் பித்தளைக் கொக்கி, அவரே கடைந்து செய்தது. மூடி இன்னும் கழலாத சாப்பாட்டுத் தூக்கு. போலீஸ் வந்து எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் எடுத்துப்போனது.

பொழுது சாயும்போது அத்தை வீட்டுக்கு வந்தாள். காலெல்லாம் கறுப்புச் சேறு. அப்பா கூடத்து மூலையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். அத்தை அவர் முன்னால் நின்று, சண்டை போடாமல், குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னாள்.

"அண்ணாத்தே, அவரு எங்கியும் போவல. ஊட்டுக்குத்தான் வந்துகினு இருந்தாரு."

அப்பா பரண்மேல் ஏறினார். படத்தை எடுத்துத் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினார். சோடாக்கடைக்காரரிடம் போய் யாரோ கேட்டபோது, "நான் அவரு மாதிரி ஒரு ஆளப் பாத்தேன்னுதானப்பா சொன்னேன். மீதிய நீங்கதான சொன்னீங்க" என்றாராம். அதுவும் பொய்யில்லை.

போலீஸ் போன கையோடு இன்னொரு சிக்கல் கிளம்பியது. ஆறு சுத்தமாகிவிட்டது, இந்த ஆடிக்கு ஆற்றுத் தண்ணீரிலேயே கரகம் ஜோடிப்போம் என்று தெருவில் முன்பே பேசி வைத்திருந்தார்கள். இப்போது பெரியவர்கள் சிலர், பிணம் கிடந்த தண்ணீர் தீட்டு, அம்மனுக்கு ஆகாது என்றார்கள். எங்கள் வீட்டு வாசலில் நின்றே பேசினார்கள். வாயில்லாப் பூச்சியான என் அம்மா அன்றைக்கு முறத்தை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"ஊர்ச் சாக்கடை அம்புட்டும் இத்தினி வருசமா வந்துச்சே, அதுக்குத் தீட்டு இல்ல. கம்பெனிங்க உட்ட மருந்துத் தண்ணி வந்துச்சே, அதுக்கும் இல்ல. வேலைக்குப் போயிட்டு ஊட்டுக்கு வந்த மனுசனுக்கு மட்டும் தீட்டா?"

பூசாரிதான் ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு, "ஆத்துக்கு ஏதுய்யா தீட்டு" என்றார். அந்த ஆடியில் அவர் முழங்கால் அளவு இறங்கி நின்று குடத்தில் தண்ணீர் மொண்டதை நான் பார்த்தேன். மேலே ஏறியதும் முகத்தைச் சுளிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டையும் பார்த்தேன்.

பட்டணத்தில் சோதனையெல்லாம் முடிந்து, அது மாமாதான் என்று எழுதிக்கொடுத்தார்கள். அதற்கடுத்த வாரம் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு கரையான்சாவடிக்குப் போனாள். அப்பாதான் போயிருக்க வேண்டும். அவருக்குக் கால் வரவில்லை.

தையல் கடை மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு சந்துக்கு நகர்ந்திருந்தது. அந்த அம்மாள் மிஷினை மிதிப்பதை நிறுத்தாமல் எங்களைப் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. செய்தி அவளுக்கு முன்பே எட்டியிருந்தது.

"உங்க அண்ணன் வந்திருந்தா செருப்பாலயே அடிச்சிருப்பேன்" என்றாள். "நீ வந்துட்ட. உன்ன இன்னா பண்றது. உக்காரு."

அத்தை நின்றாள். "உன் பொழப்பக் கெடுத்துட்டோம், அக்கா."

"கெடுத்தீங்க. உங்க பக்கத்துப் பொம்பளைங்க ஒருத்தியும் அதுக்கப்புறம் எங்கிட்ட ஜாக்கெட் தெக்கக் குடுக்கல. என் பொண்ணுக்கு வந்த சம்பந்தமும் போச்சு." மிஷின் நின்றது. "அந்த மனுசன் எதுக்கு வருவாருன்னு யாராச்சும் எங்கிட்ட கேட்டீங்களா? இந்த மிஷினுக்கு ஒரு பல்சக்கரம் தேஞ்சு போச்சு. கடையில கெடைக்கல. பட்டறையில கடைஞ்சு கொண்டாந்து போட்டாரு. அது சரியா ஓடுதான்னு அப்பப்ப வந்து பாப்பாரு. வந்தா உன்னப் பத்தியேதான் பேச்சு. நீ வெச்ச கொழம்பு, நீ கட்டுற பூவு. எங்காது புளிச்சுப் போச்சும்மா."

அத்தை அங்கேதான் அழுதாள். துணித்துண்டுகள் சிதறிக்கிடந்த தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். தையற்காரி எழுந்து வந்து தேற்றவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என்னிடம் சில்லறையைக் கொடுத்து டீ வாங்கிவரச் சொன்னாள். டீயைக் குடித்தோம். கிளம்பும்போது மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. "பாத்து ரோட்ட தாண்டுங்க" என்றாள்.

சில மாதம் கழித்து மாமா வேலை பார்த்த பட்டறையிலேயே அத்தைக்கு வேலை கிடைத்தது. கடைந்த சாமான்களைத் துடைத்து அடுக்குகிற வேலை. சைக்கிள் பழகிக்கொண்டாள். தினமும் அதே தரைப்பாலத்தின் மேல் போய்வந்தாள். பெருமழை நாட்களில் அப்பா பாலத்து முனையில் குடையோடு போய் நிற்பார். தண்ணீர் மேலே ஓடினால் குறுக்கே கயிறு கட்டி யாரையும் இறங்க விடமாட்டார். அவர் ரிட்டையர் ஆன பிறகும், மேம்பாலம் வரும்வரை, அந்தக் கயிற்றை யாரிடமும் கொடுக்கவில்லை.

ஆறு? அடுத்த மழைக்கே பழைய கோலத்துக்குத் திரும்பிவிட்டது. மேலே ஆற்றில் விழுந்த எந்தச் சாக்கடைக் குழாயையும் யாரும் அடைக்கவில்லையே. கரையில் கொட்டிய சேறெல்லாம் வெள்ளத்தோடு வழிந்து உள்ளே போயிற்று. ஆகாயத்தாமரை முன்னைவிடக் கொழுத்து வளர்ந்தது. பலகை மட்டும் ரொம்ப நாள் நின்றது. அப்பா போட் விடுவதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் எத்தனையோ முறை கூவத்தைச் சுத்தம் செய்யப் போவதாக அறிவிப்பு வந்துவிட்டது. உங்களுக்கும் தெரியும். ஒவ்வொரு முறையும் நாம் சிரிக்கிறோம். அண்மையில் டிவியில் மறுபடியும் சொன்னார்கள். எங்கள் முகப்பேர் பிளாட்டில் எல்லாரும் சிரித்தோம். என் மகன் ஏதோ கிண்டலடித்தான். அத்தை எங்களோடுதான் இருக்கிறாள். காது கொஞ்சம் மந்தம், கண்ணில் புரை. என்ன செய்தி என்று கேட்டாள். நான் உரக்கச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை.

"பண்ணட்டும்டி, பண்ணட்டும்" என்றாள். "இன்னும் யார் யார் ஊட்ல, ஓடிப்போயிட்டான்னு திட்டிகினு கீறாங்களோ."